நாவல் மரத்தின் வயதுச் சான்றிதழ்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால் எந்தக் காட்டில் என்று கேட்பீர்கள். மேம்பாலம் இறங்கி வலது பக்கம் திரும்பினால் ஒரு பரோட்டாக் கடை வருமே, அந்தக் காட்டில். காடு போய் ஊராகி, ஊர் போய் நகரமாகிவிட்டது. விலங்குகளும் பறவைகளும் மட்டும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கி, குடும்ப அட்டை வாங்கி, குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் நின்று, நகரவாசிகள் ஆகிவிட்டன.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரத்தை வெட்டினால், அது நின்ற தெருவுக்கு அதன் பெயரையே சூட்டிவிடுவார்கள். செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை. அரசர் காலத்தில் வைத்த இலுப்பைகள் போனதும் இலுப்பைத்தோப்புச் சாலை வந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலில் விதை கொண்டுவந்து வளர்த்த தூங்குமூஞ்சி மரங்கள் போனதும் தூங்குமூஞ்சி மரம் பேருந்து நிறுத்தம் வந்தது. புன்னைவனம் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெருக் குறுக்குச் சந்து எல்லாம் அப்படி வந்தவைதான். ஊருக்குப் புதியவர்கள்கூடத் தெருப் பலகையைப் பார்த்தே அங்கே எந்த மரம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக நகராட்சி சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் மரம் நடும் விழா உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வேறு தலைவர், அதே குழி. குழிதான் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

மரத்தின் பெயர் ஏறாத தெருக்கள் இரண்டே இரண்டு மிச்சமிருந்தன. காவல்கொட்டடிச் சந்தில் ஒரு புங்க மரம் நின்றது. குட்டைக்கரைத் தெருவில் ஒரு நாவல் மரம் நின்றது. இந்தக் கதை நாவல் மரத்தைப் பற்றியது.

அந்த மரத்தில் மாசிலாமணி என்ற ஓணான் குடியிருந்தான். நல்லவன். ஒரே ஒரு குறை, அவனுக்கு எதற்கெடுத்தாலும் தலை ஆடும். சந்தோஷம் வந்தால் ஆடும், கோபம் வந்தால் ஆடும், பயம் வந்தால் இன்னும் வேகமாக ஆடும். எல்லாம் மேலும் கீழுமாகத்தான். ஓணான் குலத்தின் கழுத்து வாகு அப்படி. பெண் பார்க்கப் போன அன்று அவன் தலை ஆடியதைப் பார்த்து, சொன்னதையெல்லாம் கேட்கிற மாப்பிள்ளை என்று நம்பித்தான் பொற்கொடியைக் கட்டிக்கொடுத்தார்கள். உண்மை அவளுக்குக் கல்யாணமான மறுநாள் தெரிந்தது. அதற்குள் பத்திரிகை அடித்த கடன்வரை எல்லாம் தீர்ந்துபோயிருந்ததால் அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஆனி மாதம், மரம் நிறையப் பழம். பொற்கொடி மரத்தடியில், மேற்குப் பக்க வேருக்கு ஓரமாக, ஈர மண்ணைத் தோண்டிப் பதினோரு முட்டைகள் இட்டு மூடினாள். மூடிவிட்டு மாசிலாமணியிடம் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு நாள்ங்க. நிழல் இருக்கணும், மண்ணை யாரும் கிளறக் கூடாது. வேற ஒண்ணும் நான் கேக்கலை."

மாசிலாமணி தலையாட்டினான். இந்த ஒரு முறை நிஜமாகவே சம்மதித்துத்தான் ஆட்டினான்.

ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் மரத்தின் இடுப்பில் வெள்ளைப் பெயின்டால் 217 என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு. தெருவில் மழைநீர் வடிகால் தோண்டப் போகிறார்கள். குறுக்கே நிற்கும் மரங்கள் அகற்றப்படும். ஆனால் நூறு வயது கடந்த மரம் பாரம்பரிய மரம் ஆகும். அதைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் மண்ணைக்கூடத் தொடக் கூடாது. வயதுச் சான்றிதழுக்கு மர வரலாற்றுத் துறையை அணுகவும். விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரை, அதாவது விண்ணப்பதாரர் வரிசையில் நிற்கும்வரை, மரம் அகற்றப்பட மாட்டாது.

"நூறு வயசா? இதுக்கு அதுக்கு மேலயே இருக்குமே!" என்றாள் பொற்கொடி. "உடனே போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. போற இடத்துல தலையை மட்டும் கொஞ்சம் அடக்கி வைங்க."

மர வரலாற்றுத் துறை அலுவலகத்தில் ஒரு மரமும் இல்லை. மேசை நாற்காலியெல்லாம் பிளாஸ்டிக். வாசலில் இருந்த கருவி மாசிலாமணிக்கு 88 என்று டோக்கன் துப்பியது. சுவரில் 91 ஓடிக்கொண்டிருந்தது. தன் முறை போய்விட்டதோ என்று பதறி, முன்னால் நின்ற கீரியைக் கேட்டான்.

"அது முந்தாநேத்து 91" என்றது கீரி. "நேத்து ஆளுங்களே இன்னும் ஆரம்பிக்கலை. சாப்பாடு கொண்டுவந்திருக்கீங்களா?"

மூன்று நாள் நின்றான். நான்காம் நாள் பதிவறைக்குள் விட்டார்கள். பதிவறைப் பொறுப்பில் கரையான் சிங்காரம் இருந்தார். பழைய ஆவணங்களை அவரைப் போல உள்வாங்கியவர் அந்த நகரத்தில் கிடையாது.

"குட்டைக்கரைத் தெரு நாவல் மரமா?" சிங்காரம் கண்ணை மூடி யோசித்தார். "ஆமா, ஆமா. துரை காலத்துப் பதிவேடு. நல்ல தடிமனான காகிதம். மரம் நட்ட தேதி, நட்டவர் பேரு, தண்ணி ஊத்தினவருக்குச் சம்பளம், எல்லாம் இருந்தது. ஓரம் மட்டும் லேசா துவர்ப்பு."

"அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுங்களா?"

"அது இனிமே வெளிய வராதுங்க" என்று சிங்காரம் வயிற்றைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, திருப்தியும் இருந்தது. "அதிகாரியைப் போய்ப் பாருங்க. மேல் மாடி."

மேல் மாடியில் மர வரலாற்று அலுவலர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். மரங்கொத்தி. எதைச் சொல்வதற்கு முன்னாலும் மேசையை மூன்று முறை கொத்துவார். பரம்பரைப் பழக்கம், விட முடியவில்லை. மேசை பிளாஸ்டிக் என்பதால் சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை. அவர் 'நம் நகர மரங்கள்: ஒரு வரலாறு' என்ற நூலைப் பத்து ஆண்டுகளாகத் தொகுத்துவருகிறார். அவர் ஒரு மரத்தைப் பற்றி எழுத ஆரம்பிப்பதற்கும் அந்த மரம் விழுவதற்கும் நேரம் சரியாக இருந்ததால், நூலில் எல்லா அத்தியாயமும் இறந்தகாலத்திலேயே அமைந்துவிட்டது.

"நாவல் மரமா? அட, அது எங்க தாத்தா பொந்து போட்ட மரமாச்சே!" ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. "எங்க அப்பா பிறந்ததே அதுல தெக்குப் பக்கக் கிளையில. நூத்தி நாப்பதுக்குக் குறையாது."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ அதையே எழுதிக் கொடுத்துடுங்க சார்."

ஏகாம்பரம் மேசையை மூன்று முறை கொத்தினார். "அது ஏகாம்பரத்துக்குத் தெரியும். அலுவலருக்குத் தெரியாது. நான் இந்த நாற்காலியில இருக்கறப்போ ஆதாரம் வேணும். பதிவேடு இருக்கா?"

"சிங்காரம் சார் சாப்பிட்டுட்டாராம்."

"அப்போ வளையம்தான் வழி. மரத்துக்குள்ள வருஷத்துக்கு ஒரு வளையம் இருக்கும். எண்ணினா வயசு வந்துடும். நூத்துக்கு மேல வந்தா அந்த மரத்தை ஒரு பய தொட முடியாது, நான் விடமாட்டேன்."

"வளையம் உள்ளே இருக்குமே சார். எப்படி எண்ணுவீங்க?"

"வெட்டித்தான்" என்றார் ஏகாம்பரம்.

மாசிலாமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பதினோரு முட்டைகளும் கண் முன்னால் வந்தன. ஏகாம்பரம் கனிவாகக் கேட்டார்: "என்ன, எண்ணிப் பாத்துடலாமா?"

இங்கே நகரத்தின் இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். அங்கே குடிமக்களில் கையெழுத்துப் போடக் கை இல்லாதவர்கள் உண்டு. ரேகை வைக்க விரல் இல்லாதவர்கள் அதைவிட அதிகம். ஆகவே சம்மதம் என்பது தலையசைப்பு. அதைப் பதிவுசெய்ய ஒவ்வொரு மேசையிலும் ஒரு கருவி, அதில் ஒரு கண். தலை மேலும் கீழும் ஆடினால் பச்சை விளக்கு, சம்மதம். இடமும் வலமும் ஆடினால் சிவப்பு விளக்கு, ஆட்சேபணை. கருவிக்குக் காது கிடையாது.

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று மாசிலாமணி வாயால் கத்தினான். பயத்தில் தலை படபடவென்று ஆடியது. பச்சை விளக்கு எரிந்தது.

"சந்தோஷம்" என்றார் ஏகாம்பரம். "ஆட்சேபணை ஏதும் இருந்தா கருத்துக் கேட்புக் கூட்டத்துல தெரிவிக்கலாம். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. உங்களை மாதிரி ஒத்துழைக்கிற ஆளுங்க இப்பல்லாம் கிடைக்கறதில்லைங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது பொற்கொடி திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் மேற்குப் பக்க வேருக்குப் போய், மூடிய மண்ணை இன்னொரு முறை தட்டிவிட்டு வந்தாள். "சரி, இடமும் வலமும் ஆட்டப் பழகுங்க" என்றாள்.

பன்னிரண்டு நாளும் பயிற்சி நடந்தது. அவன் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவள் அவன் தாடையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளுவாள். விட்டதும் தலை நிமிர்ந்து, குனிந்து, பழையபடி மேலும் கீழும் ஆடும். ஐந்தாம் நாள் கழுத்து சுளுக்கிக்கொண்டது. வேப்பெண்ணெய் தடவினார்கள். ஓணான் குலம் உண்டான நாளிலிருந்து யாரும் 'இல்லை' என்று தலையாட்டியதில்லை. மாசிலாமணியும் ஆட்டவில்லை.

கூட்டத்துக்கு முந்தின மாலை பொற்கொடி ஒரு முடிவுக்கு வந்தாள். "ஆட்சேபணை சொல்ல முடியலைன்னா போகட்டும். சம்மதம் சொல்லாம இருந்தா போதும். கழுத்தைக் கட்டிடலாம்."

கருத்துக் கேட்புக் கூட்டம் நாவல் மரத்தடியிலேயே நடந்தது. நகராட்சிக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை, வெளியே வேறு எங்கும் நிழலும் இல்லை. எல்லோரும் வந்து, "அப்பாடா, என்ன குளுமை!" என்று உட்கார்ந்து மரத்தை அகற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வடிகால் ஒப்பந்தக்காரர் பெருச்சாளி காளத்தி, தோண்டுகிற ஆசை தாளாமல் உட்கார்ந்த இடத்திலேயே நகத்தால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பொற்கொடி அவருக்கும் மேற்கு வேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பூனை ரங்கநாயகி எழுந்தார். "என் வண்டி வெள்ளை வண்டி. தினமும் மேல நாவப்பழம் விழுந்து ஊதா ஊதாவா கறை. எத்தனை தடவைதான் கழுவறது?"

"வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமேம்மா" என்றாள் பொற்கொடி.

"தள்ளி நிறுத்தினா வெயில் அடிக்குதே" என்றார் ரங்கநாயகி. கூட்டம் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது.

கடைசியில் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏகாம்பரம் மாசிலாமணியின் முன்னால் வந்தார். அவன் கழுத்தைப் பிரண்டைக் கொடியால் கிளையோடு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள் பொற்கொடி. பிரண்டை அரித்தது. பயம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறியது. கண் பிதுங்கியது, தொண்டை சிவந்தது, வால் துடித்தது. ஆனால் தலை ஆடவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக மாசிலாமணியின் தலை அசையாமல் நின்றது. கருவியின் கண் அவனையே பார்த்தது. பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. பொற்கொடிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு புருஷன் தனக்கு வாய்த்திருக்கிறான் என்று அவள் அன்றுதான் நினைத்தாள்.

ஏகாம்பரம் மரத்தையே மூன்று முறை கொத்திவிட்டு அறிவித்தார்: "விதிப்படி, அசையாம இருக்கறவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம். எழுதிக்கோங்க."

மாசிலாமணிக்கு வந்த ஆத்திரத்தில் பிரண்டை அறுந்தது. தலை மேலும் கீழும், மேலும் கீழும், நிற்காமல் ஆடியது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"அவரே மறுபடியும் சம்மதம் சொல்றாரு, பாருங்க" என்றார் காளத்தி. கூட்டம் கை தட்டியது.

இருபத்திரண்டாம் நாள் மரத்தை வெட்டினார்கள். குரங்குகள் இயந்திர ரம்பத்தோடு வந்தன. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கிளைகள் விழும்போது பழங்கள் சிதறித் தெரு முழுக்க ஊதாவாகிவிட்டது. ரங்கநாயகியின் வண்டியில் அன்று விழுந்ததுபோல் என்றைக்கும் விழுந்ததில்லை. மாசிலாமணி எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அழுதாலும் அவனுக்குத் தலை ஆடும் என்பதால், வேலை திருப்தியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குரங்குகள் அவனுக்குக் கையசைத்தன.

அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஏகாம்பரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அலகால் ஒவ்வொரு வளையமாகத் தொட்டு எண்ணினார். ஒன்றரை நாள் ஆனது. எண்ணி முடித்ததும் எழுந்து நின்றார்.

"நூத்தி நாப்பத்தி மூணு! நான் சொன்னேன் இல்ல? எங்க தாத்தா மரம்! இது பாரம்பரிய மரம். இதை யாரும் வெட்டக் கூடாது!"

"வெட்டியாச்சே சார்" என்றான் மாசிலாமணி.

"இனிமே வெட்டக் கூடாது" என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை அவன் கையில் கொடுத்தார். அதில் மரத்தின் வயது இருந்தது, முத்திரை இருந்தது, மாசிலாமணியின் ஒத்துழைப்புக்கு நன்றியும் இருந்தது.

அவர் சொன்னால் சொன்னதுதான். அடிமரத்தைச் சுற்றிப் பத்தடிக்கு இரும்பு வேலி வந்துவிட்டது. காளத்தி எவ்வளவோ மன்றாடியும் ஒரு பிடி மண்ணைத் தொட விடவில்லை. வடிகால் அந்த இடத்தில் வளைந்து, ரங்கநாயகி வீட்டு வாசற்படிக்கு அடியில் போயிற்று. தெருமுனையில் குட்டைக்கரைத் தெரு என்ற பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு நாவல் மரத் தெரு என்று புதியதை நட்டார்கள். ஏகாம்பரத்தின் நூலில் நாவல் மரத்துக்கு நான்கு பக்கம் கிடைத்தது. 'இம்மரத்தின் குளிர்ந்த நிழலில் பல முக்கியக் கூட்டங்கள் நடைபெற்றன' என்று ஒரு வரியும் உண்டு. வெளியீட்டு விழாவை அங்கேயே வைத்தார்கள். வெயில் தாங்காது என்று துணிப் பந்தல் போட வேண்டியிருந்தது.

பொற்கொடிக்கு விழாவில் மனம் போகவில்லை. மண் கிளறப்படாமல் தப்பிவிட்டது. ஆனால் அவள் கேட்டது இரண்டு. நிழல் எங்கே? ஆடி மாதத்திலும் அந்த ஆண்டு வெயில் குறையவில்லை. அவள் சருகு கொண்டுவந்து மண்ணை மூடினாள், காற்று அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் மூடினாள். அப்போதுதான் மாசிலாமணி ஒன்றைக் கவனித்தான். வேலிக்குள் ஒரு பெரிய தகரப் பலகை நட்டிருந்தார்கள்: 'பாரம்பரிய மரம். வயது 143. வெட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.' அந்தப் பலகையின் நிழல், வெயில் உச்சிக்கு ஏறும்வரை மேற்கு வேரின்மேல் விழுந்தது. முழுதாக இல்லை, முக்கால்வாசிக்கு விழுந்தது. தெருவில் அது ஒன்றுதான் நிழல். பிற்பகல் வெயிலுக்கு மாசிலாமணியும் பொற்கொடியும் மாறி மாறி மண்ணின்மேல் உடம்பைப் பரப்பிக்கொண்டு படுத்தார்கள். ஓணான் உடம்பு என்ன பெரிய குடையா?

நாற்பத்தைந்தாம் நாள் மண் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு குஞ்சுகள் வெளியே வந்தன. பொற்கொடி சாயங்காலம்வரை காத்திருந்தாள். பிறகு தானே தோண்டிப் பார்த்தாள். பலகையின் நிழலுக்கு வெளியே இருந்த நாலு முட்டைகளும் வெயிலில் வெந்து சுருங்கிப்போயிருந்தன. அவள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். மாசிலாமணியிடம் எவ்வளவு என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, அவனுக்கும் எண்ணத் தெரியும்.

ஏழு குஞ்சுகளும் ஏறுவதற்கு எதையாவது தேடின. "அப்பா, மரம்னு சொன்னீங்களே, எங்க?" என்று மூத்தது கேட்டது. மாசிலாமணி தெருமுனைப் பலகையைக் காட்டினான். அவை ஓடிப்போய் அந்த இரும்புக் கம்பத்தில் ஏறி, சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஏழும் ஒன்றுபோலத் தலையாட்டின.

அந்த வாரமே காவல்கொட்டடிச் சந்திலிருந்து ஓர் அணில் வந்தாள். பெயர் செண்பகம். மடியில் மூன்று குட்டிகள், கையில் ஒரு விண்ணப்பம்.

"நாவல் மரத்தைக் காப்பாத்தினவரு நீங்கதானாமே அண்ணே? சான்றிதழெல்லாம் இருக்காமே. எங்க புங்க மரத்துல 218னு எழுதிட்டாங்க. வயசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

இந்த ஒன்றையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மாசிலாமணி நினைத்தான். "நான் சொல்றதைக் கவனமாக் கேளும்மா. தினமும் போ. டோக்கன் வாங்கு. வரிசையில நில்லு. ஆனா விண்ணப்பத்தை மட்டும் உள்ளே கொடுத்துடாதே. கொடுத்தா முடிவு வந்துடும். நீ வரிசையில நிக்கிறவரைக்கும்தான் மரம் நிக்கும். உன் குட்டிங்க ஓடியாட ஆரம்பிக்கிறவரைக்கும் நின்னுடு. மேல் மாடிக்குப் போகவே போகாதே."

செண்பகத்துக்குக் குழப்பமாக இருந்தது. அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுக்காமல் வருவதா? இப்படி ஒரு யோசனையை அவள் கேள்விப்பட்டதே இல்லை. எதற்கும் நேராகவே கேட்டுவிடலாம் என்று கேட்டாள்.

"அப்போ இதை இப்பவே மேல் மாடியில கொடுத்துடலாங்களா அண்ணே?"

"வேண்டாம்மா! கொடுக்காதே!" என்று மாசிலாமணி அலறினான்.

செண்பகம் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் என்ன சொல்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அவள் அவன் தலையைத்தான் பார்த்தாள். அது மேலும் கீழுமாக, வேகவேகமாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க அண்ணே" என்று கும்பிட்டுவிட்டு, குட்டிகளை அணைத்துக்கொண்டு மேல் மாடியை நோக்கி ஓடினாள்.

நீதி: ஒரு மரத்தைக் காப்பாற்ற நிச்சயமான வழி, அதை வெட்டிவிடுவதுதான். வெட்டிய மரத்தை இதுவரை யாராலும் வெட்ட முடிந்ததில்லை.